வீட்டு மேசைக்கு யார் பில் வைப்பது?

பில்லை உள்ளே வைத்து மூடிய அட்டையை மேசையில் வைத்ததும் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அந்த உணவகத்தில் வேலைக்குச் சேருகிறவர்களுக்குத் தட்டு தூக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே இதைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். ஒரேயடியாகப் போய்விடவும் கூடாது. மீதிச் சில்லறைக்கோ இன்னொரு டம்ளர் தண்ணீருக்கோ கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில், ஆனால் பார்க்காமல் நிற்க வேண்டும்.

"பார்த்துக்கிட்டு நின்னா கை நீட்டற மாதிரி இருக்கும். நம்ம கடையில யாரும் கை நீட்டறதில்ல" என்பார் பெரிய முதலாளி.

ஊமையக்கா திரும்பி நிற்கிற பக்கம் மீன் தொட்டி இருந்தது. மகள் பிறந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தாள். மகள் இப்போது பத்தாம் வகுப்பு. அத்தனை காலமும் ஊமையக்கா அந்தத் தொட்டியைப் பார்த்து நின்றிருக்கிறாள். அவள் மீனை ரசிக்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். தொட்டிக் கண்ணாடியில் பின்னால் இருக்கிற மேசை அப்படியே தெரியும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பணப்பையைத் திறக்கிற கை, இரண்டு நோட்டை எடுத்து, அவள் முதுகை ஒரு தடவை பார்த்து, ஒன்றை மறுபடி உள்ளே தள்ளுகிற கை, எல்லாம் நீந்துகிற மீன்களுக்கு நடுவே அவளுக்குத் தெரியும். பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. திரும்பி, நன்றி சொல்லி, அட்டையை எடுத்துக்கொண்டு போவாள்.

ஊமை என்று பெயர் வந்ததற்குக் காரணம், வாய் திறக்க வேண்டிய இடத்தில்கூடத் தலையாட்டியே காரியத்தை முடித்துவிடுவதுதான். ஆனால் சமையலறை ஜன்னலுக்கு வந்துவிட்டால் வேறு ஆள். உள்ளே புகைபோக்கி விசிறி ஓயாமல் உறுமும். அதையும் மீறி ஆர்டரைக் கத்திச் சொல்ல வேண்டும். மாஸ்டர் அதை வார்த்தை மாறாமல் திருப்பிக் கத்த வேண்டும். அப்போதுதான் மீன் கேட்டவருக்கு முட்டை போகாது.

"ரெண்டு சூப், ஒரு மீன், காரம் கம்மி!" என்று ஊமையக்கா கத்தினால் கூடத்தின் கடைசி மேசைவரை கேட்கும்.

"ரெண்டு சூப், ஒரு மீன், காரம் கம்மி!" என்று மாஸ்டரின் குரல் உள்ளிருந்து வரும்.

ஜன்னலில் எது விழுந்தாலும் திருப்பிக் கத்துவது மாஸ்டருக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. எண்ணிக்கை இல்லாவிட்டால் அவராகவே ஒன்று போட்டுக்கொள்வார். ஒருநாள் கல்லாக்காரர் எட்டிப்பார்த்து, "மாஸ்டர், உங்க வீட்டம்மா போன்ல!" என்றார். "வீட்டம்மா போன்ல, ஒண்ணு!" என்று பதில் வந்தது. வீட்டம்மா ஒன்றுதானா என்று அவரை ஒரு மாதம் கிண்டல் செய்தார்கள்.

பெரிய முதலாளிக்கு மூட்டு தேய்ந்து வீட்டோடு அடங்கியபின் அவருடைய மருமகன் வந்து கல்லாக்காரர் பக்கத்தில் முதலாளியாக உட்கார்ந்தார். முகத்துக்கு நேரே சார். முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளைதான்.

வந்த சில வாரங்களில், காலையில் கடை திறக்குமுன், பரிமாறுகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தினார். நாற்காலிகள் இன்னும் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன.

"இனிமே நீங்க யாரும் வேலைக்காரங்க இல்ல. பங்காளிங்க" என்று ஆரம்பித்தார். "இந்த மாசத்துல இருந்து சம்பளம் பாதி. வாயைப் பிளக்காதீங்க, முழுசாக் கேளுங்க. இதுவரைக்கும் டிப்ஸ்ல ஒரு பங்கு கல்லாவுக்கு வந்துச்சு இல்ல? இனிமே மொத்தமும் உங்களுக்கே. சிரிச்ச முகமாப் பரிமாறினா இப்ப வாங்கறதைவிட அதிகமா அள்ளலாம். உங்க சம்பளம் உங்க உதட்டுல இருக்கு."

உதட்டில் என்று சொல்லும்போது தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார். ஊமையக்காவுக்கு உடம்பு கூசியது.

மூன்று வருடமாக வேலை செய்தும் இன்னும் புதுப்பொண்ணு என்றே கூப்பிடப்படுகிற பெண் அவள் காதில் கிசுகிசுத்தாள். "நல்லதுதானேக்கா? எனக்கு நல்லா டிப்ஸ் விழுது."

"விழாத அன்னைக்கு?"

"நீ ஏன்க்கா எப்பப் பாரு அழுமூஞ்சியா இருக்கே?"

அன்று மதியமே ஒவ்வொரு மேசையிலும் ஓர் அட்டை முளைத்தது. "எங்கள் ஊழியர்களின் புன்னகை பிடித்திருந்தால் உங்கள் அன்பைக் காட்டுங்கள்." ஊமையக்கா மேசை துடைக்கும்போதெல்லாம் அதைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுத் துடைத்தாள். நிமிர்த்தி வைக்க மறந்ததுபோல் விட்டுவிட்டும் போனாள்.

சம்பளம் பாதியாகிறது என்றால் அவளுக்குப் பணம் மட்டும் போகவில்லை. வீடும் போகிறது.

புருஷன் போனபின் அவளும் மகளும் அண்ணன் வீட்டு நடையில் இருந்தார்கள். நடை என்றால் வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே ஆள் நடக்கிற இடம். ஒரு பக்கம் செருப்பு அடுக்கு, மறுபக்கம் துணி துவைக்கிற இயந்திரம். அந்த இயந்திரத்தின் மூடிதான் மகளுக்குப் படிக்கிற மேசை. இயந்திரம் சுழலும்போது அவள் கையெழுத்தும் சுழலும். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. "உங்கம்மா ஓட்டல்லயே நாலு நாற்காலி காலியாத்தானே கிடக்கும், அங்க போய்ப் படிக்கலாம்ல?" என்பாள். மகள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மூடியைத் திறந்துவிட்டு நிற்பாள். அண்ணி துணியைப் போடுவாள்.

இரண்டு தெரு தள்ளி மாடியில் ஓர் அறையும் சமையல்கட்டும் காலியாகப் போகிறது. ஜன்னலோரம் சுவரோடு சேர்த்துக் கட்டிய பலகை ஒன்று உண்டு. மகள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து ஒரே பேச்சாக அதைப் பற்றியே பேசினாள். வீட்டுக்காரம்மா ஊமையக்காவை மேலும் கீழும் பார்த்தாள்.

"முதல் தேதி சம்பளச் சீட்டைக் கொண்டா. வாடகை கட்டற அளவுக்கு அதுல போட்டிருந்தா சாவி. இல்லாட்டி வேற ஆளுக்கு."

"டிப்ஸும் வருங்க."

"அது இன்னைக்கு வரும், நாளைக்கு வராது. உன் வாடகையும் அப்படி வந்தா நான் என்ன பண்றது?"

அந்த அம்மாளுக்குத் தெரிந்தது மாப்பிள்ளைக்குத் தெரியவில்லையா? தெரிந்துதான் செய்கிறாரா? நடந்து திரும்புகிற வழியெல்லாம் ஊமையக்காவுக்கு இதே கேள்விதான்.

கழிவறைக் கதவுக்குப் பக்கத்து மேசை நியாயம் சாருடையது. அவர் கேட்டு வாங்கிய இடம் அல்ல. டிப்ஸ் வைக்காதவர் என்பதால் அங்கே தள்ளிவிடப்பட்டவர். வைக்காமல் போனால்கூடப் பரவாயில்லை, ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்வார். அதனால்தான் அந்தப் பெயர்.

"தப்பா நினைக்காதம்மா, இது என் கொள்கை. உனக்குச் சம்பளம் குடுக்க வேண்டியது உன் முதலாளி. நாங்க குடுத்துக்கிட்டே இருந்தா அவர் ஏன் குடுப்பார்? சாப்பிட வர்றவன் தலையில அதைக் கட்டறது அநியாயம்."

இத்தனை வருடம் இதற்குத் தலையாட்டியவள்தான். மாப்பிள்ளையின் திட்டம் வந்தபிறகு அவர் அதே பாட்டைப் பாடியபோது அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது. அவர் நியாயம் பேசிவிட்டு ஏப்பம் விட்டுப் போவார். அந்த நியாயத்துக்கு விலை அவள் கொடுக்க வேண்டும்.

"நீங்க சொல்றது சரி சார்" என்றாள். அவளுடைய குரலைக் கேட்டு அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "எங்க சம்பளத்தைப் பாதியாக்கிட்டாங்க. டிப்ஸ் வரும்ல, அதுல சரிக்கட்டிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. நீங்க இதை என்கிட்ட சொல்லி என்ன சார் ஆகப்போகுது? நான்தான் சம்பளம் வாங்கறவ. குடுக்கறவர் அதோ கல்லாவுல உக்காந்திருக்கார். அங்க போய் ஒரு தடவை சொல்லுங்க. நாளைக்கும் வந்து சாப்பிடற ஆள் சொன்னா காதுல ஏறும்."

"பாதியா? அக்கிரமமா இருக்கே!" என்று அவர் மேசையைத் தட்டினார். "சொல்றேன். கண்டிப்பாச் சொல்றேன்."

அவள் மீன் தொட்டிப் பக்கம் திரும்பினாள். கண்ணாடியில் பார்த்தாள். நியாயம் சார் எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டார், கல்லாவை நோக்கி நேராக நடந்தார். பணத்தைக் கட்டினார். மாப்பிள்ளை ஏதோ கேட்டார். நியாயம் சார் வாயைத் திறந்தார்.

"சாப்பாடு பிரமாதம்" என்பது அவள் காதில் விழுந்தது. பிறகு, "வந்து... பல்குச்சி இருக்கா?"

மாப்பிள்ளை டப்பாவை நீட்டினார். நியாயம் சார் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

நமக்காக எவனும் பேசப்போவதில்லை என்று அந்த நிமிடம் அவளுக்கு விளங்கியது.

அடுத்த வாரம் மாப்பிள்ளை அவளை வீட்டு மேசைக்கு மாற்றினார். கூடத்தின் நடுவே இருக்கிற நீளமேசை அது. முதலாளி வீட்டு ஆட்களும் அவர்களுடைய சினேகிதர்களும் உட்காருவது. முன்பெல்லாம் எப்போதாவது உட்காருவார்கள். மாப்பிள்ளை வந்தபின் தினமும் மதியம் ஒரு கூட்டம் வந்தது. வந்தால் சாயங்காலம்வரை எழுந்திருக்காது. பக்குவமாகப் பரிமாறத் தெரிந்த ஆள் வேண்டும் என்று சொல்லி அவளைப் போட்டார்.

வீட்டு மேசைக்குப் பில் கிடையாது. பில் இல்லாத மேசையில் டிப்ஸ் வைக்கிறவனும் கிடையாது. மற்றவர்கள் பாதிச் சம்பளத்துக்கு மேல் கையில் விழுவதை எண்ணிக்கொண்டு போனார்கள். இருப்பதிலேயே நன்றாக வேலை தெரிந்தவள் வெறுங்கையோடு போனாள். நான்காம் நாள் பொறுக்க முடியாமல் கல்லா ஓரமாகப் போய் நின்றாள்.

"சார், அந்த மேசையில எனக்கு ஒண்ணும் வர்றதில்ல."

மாப்பிள்ளை போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது நம்ம வீட்டு மேசை. வீட்டுல அம்மா சாப்பாடு போட்டுட்டு டிப்ஸ் கேக்கறாங்களா?"

அம்மாவை யார் பாதிச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். கழுவுகிற இடத்துக்குப் போய் ஏற்கெனவே கழுவிய தட்டுகளை மறுபடி கழுவினாள். தட்டுகள் மோதுகிற சத்தத்தில் மாஸ்டரே திரும்பிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, தட்டு என்ன பாவம் பண்ணுச்சு?"

"தட்டு ஒண்ணும் பண்ணல."

முதல் தேதிக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. அன்று மாப்பிள்ளையின் சினேகிதர்கள் மேசை நிறைய வந்திருந்தார்கள். கூடமும் நிரம்பி வழிந்தது. கழிவறைப் பக்கம் நியாயம் சார் சூப்புக்குள் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார். ஊமையக்கா கால் தரையில் படாமல் ஓடினாள். எலும்பு எடுத்த மீன் ஒருவருக்கு, எடுக்காத மீன் இன்னொருவருக்கு. ஐஸ் போடாத தண்ணீர், ஐஸ் மட்டும் போட்ட டம்ளர். மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்து தன் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

"சம்பளச் செலவு பாதியாயிடுச்சு. ஆளு ஒண்ணும் குறையல. பாரு, எப்படிப் பறக்கறாங்க! வாடிக்கையாளரே சம்பளம் குடுத்துடறான். நமக்கு என்ன?"

"மூளைக்காரன்டா நீ" என்றார் தொந்தி பெருத்த சினேகிதர் ஒருவர்.

அவள் அப்போது மாப்பிள்ளையின் தோளுக்குமேல் குனிந்து தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அங்கே இருப்பதாகவே அவர்கள் நினைக்கவில்லை. நாற்காலி இருக்கிறது, மேசை இருக்கிறது, அவள் இருக்கிறாள், அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு போய் வைத்தாள். கல்லா அருகில் அடுக்கியிருந்த பில் அட்டைகளில் ஒன்றை எடுத்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. நேராக வந்து அதை மாப்பிள்ளையின் முன்னால் வைத்தாள்.

"நன்றி சார்" என்றாள். முதுகைத் திருப்பிக்கொண்டாள். கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில் நின்றாள்.

தொட்டிக் கண்ணாடியில் மாப்பிள்ளை அட்டையைத் திறந்து பார்ப்பது தெரிந்தது. மறுபடி திறந்து பார்த்தார்.

"என்ன இது?"

அவள் திரும்பவில்லை. "அட்டை வச்சா திரும்பி நிக்கணும் சார். கடை வழக்கம்."

தொந்திக்காரர் வெடித்துச் சிரித்தார். "மாப்ளே, உனக்கே பில்லா! சம்பளம் வாடிக்கையாளர்தானே குடுக்கணும், இந்த மேசைக்கு வாடிக்கையாளர் நீதான்டா!" சொல்லிக்கொண்டே தன் பணப்பையை எடுத்தார்.

"நீங்க வைக்காதீங்க சார்" என்றாள் அவள், மீன்களைப் பார்த்தபடியே. "நீங்க விருந்தாளி. உங்களுக்கு ஒரு கடனும் இல்ல. வைக்க வேண்டியவரு வைக்கட்டும்."

பக்கத்து மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றது. மாப்பிள்ளையின் முகம் முதலில் சிவந்தது, பிறகு சிரிப்பை வரவழைத்துக்கொண்டது. எழுந்தார். அவளைக் கையால் சைகை காட்டி அழைத்துக்கொண்டு கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்து ஒதுங்கினார். அவருக்குக் கடை புதிது. அவர் ஒதுங்கிய இடம் சமையலறை ஜன்னல்.

"மானத்தை வாங்கறியா?" என்று பல்லைக் கடித்தார். "இப்பவே வெளிய அனுப்பிடுவேன். ஆனா மாமா உன்னை வேலையில வச்சுக்கச் சொல்லியிருக்கார். கேளு. உனக்கு மட்டும் பழைய சம்பளம் போட்டுடறேன். முதல் தேதி சீட்டுலயும் அப்படியே வரும். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. போய் அந்த அட்டையை எடுத்துட்டு வேலையைப் பாரு."

சீட்டு. சாவி. ஜன்னலோரப் பலகை. மகள் அதைத் தடவிய விரல். அவள் வெறுமனே தலையாட்டினால் போதும். அவளுக்கு அதில் பழக்கமும் உண்டு. அந்த நேரம் புதுப்பொண்ணு சூப் தட்டுடன் அவர்களைக் கடந்து போனாள், காதுவரை இழுத்துக் கட்டிய சிரிப்போடு. அந்தச் சிரிப்பு எவ்வளவு வலிக்கும் என்று ஊமையக்காவுக்குத் தெரியும். இந்த மனிதர் அவளுடைய சம்பளத்தைத் திருட்டுப் பண்டம்போல் அவள் மடியிலேயே ஒளித்து வைக்கப் பார்க்கிறார்.

அவள் ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள்.

"எனக்கு மட்டும் பழைய சம்பளம்! யார்கிட்டயும் சொல்லக் கூடாது!"

உள்ளே விசிறி உறுமியது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

"எனக்கு மட்டும் பழைய சம்பளம், ஒண்ணு! யார்கிட்டயும் சொல்லக் கூடாது, ஒண்ணு!" என்று மாஸ்டரின் குரல் கூடத்தின் மூலைமுடுக்கெல்லாம் கேட்டது. பிறகுதான் கரண்டியோடு அவரே ஜன்னலுக்கு வந்து, "என்னது?" என்றார்.

புதுப்பொண்ணு சூப் தட்டை நட்டநடுவில் கிடைத்த மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"அப்ப எனக்கு சார்?"

"நீ போய் முதல்ல சூப்பைக் குடு."

"எனக்கு எவ்வளவு சார்? நானும் அதே தட்டைத்தானே தூக்கறேன்?"

மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. வந்து நின்றார்கள், அவ்வளவுதான். மேசைகளில் ஆட்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். "எங்க மீன் என்னாச்சு?" என்று எங்கிருந்தோ ஒரு குரல். நியாயம் சாரும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருடைய தலை சூப்புக் கிண்ணத்துக்குள் விழுந்துவிடும்போல் குனிந்திருந்தது.

கல்லாக்காரர் மெல்ல எழுந்து வந்து மாப்பிள்ளையின் பக்கத்தில் நின்றார். "தம்பி, இந்நேரம் இவங்க இப்படியே நின்னா இத்தனை மேசைக்கும் நீங்களும் நானும்தான் தட்டு தூக்கணும். எனக்கு முதுகு முடியாது" என்றார்.

தொந்திக்காரர் தன் இடத்திலிருந்தே, "மாப்ளே, வச்சுடுடா!" என்று கத்தினார். நீளமேசையே சிரித்தது.

மாப்பிள்ளை கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "சரி. சரி! எல்லாருக்கும் பழையபடி! போங்க!"

"எல்லாருக்கும் பழையபடி, ஒண்ணு!" என்றார் மாஸ்டர். இந்தத் தடவை வேண்டுமென்றே.

முதல் தேதி சீட்டில் பழைய எண் இருந்தது. மாப்பிள்ளை அதை அவள் கையில் கொடுக்கவில்லை, மேசைமேல் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். வீட்டுக்காரம்மா சீட்டைக் கண்ணருகே வைத்துப் படித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். மகள் இப்போது ஆடாத பலகையில் எழுதுகிறாள்.

ஊமையக்காவுக்குக் கோபம் மட்டும் இறங்கவில்லை. அவளுடைய உழைப்புக்கு அவளுடைய கூலியைக் கேட்பதற்கு அத்தனை பேர் முன்னால் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கழுவிய தட்டையே மறுபடி கழுவுவாள்.

பத்துப் பதினைந்து நாள் தலைகாட்டாமல் இருந்த நியாயம் சார் ஒரு மதியம் வந்தார். சாப்பிட்டு முடித்தார். பழைய மேசைகளுக்கே திரும்பிவிட்டிருந்த அவள் பில் அட்டையை வைத்தாள். முதுகைத் திருப்பவில்லை. நேராக அவரைப் பார்த்து நின்றாள்.

அவர் பணப்பையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "தப்பா நினைக்காதம்மா..." என்று ஆரம்பித்தார்.

"நினைக்கல சார். வைக்க வேண்டாம். எனக்குச் சம்பளம் வருது."

அவருடைய கைக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. கண்ணாடியைத் தொட்டது, சட்டைப் பொத்தானைத் தொட்டது. அவள் பக்கத்து மேசையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அவர் முன்னால், கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தாள்.

"பல்குச்சி, சார்."